யார் போட்ட கோடு? நாடுகளுக்கு ஒட்டப்படும் வளர்ச்சிப் பெயர்கள்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், நகரத்தை ஒட்டியே இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குவது இங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேங்கிக்காலை நகரம் என்று எழுதிக்கொண்டது. உள்ளாட்சித் துறையின் ஏட்டிலோ அப்போது அது கிராம ஊராட்சி. இரண்டில் எது தவறு என்று கேட்டால், இரண்டுமே சரி. ஐயாயிரத்துக்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், முதன்மை உழைப்பாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் பொருந்திவிட்டால் கணக்கெடுப்புத் துறைக்கு அது நகரம். அரசாணை வந்து பேரூராட்சி என்றோ நகராட்சி என்றோ அறிவிக்கும்வரை உள்ளாட்சித் துறைக்கு அது கிராமம். இப்படிக் கணக்கில் நகரமாகவும் நிர்வாகத்தில் கிராமமாகவும் இருக்கும் 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2001இல் நாடு முழுவதும் 1,362 இருந்தன. 2011இல் 3,894 ஆயின.

வெறும் பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. கிராமம் என்றால் ஊரக வேலை உறுதித் திட்டம் உண்டு, வீட்டு வரி குறைவு. நகரம் என்றால் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வேறு வழியில் நிதி வரும்; வரியும் ஏறும். 2024இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது, சுற்றியுள்ள ஊராட்சிகளை அதனோடு சேர்க்கும் திட்டத்தில் வேங்கிக்காலும் இடம்பெற்றது. ஊராட்சிகளை இணைக்கும் பேச்சு எழுகிற இடங்களில் எல்லாம் மக்கள் முதலில் கேட்பவை இரண்டுதான்: நூறு நாள் வேலை போய்விடுமா, வரி எவ்வளவு ஏறும்? பெயர் மாறினால் கைக்கு வருவதும் கையை விட்டுப் போவதும் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊருக்கு நடப்பதே நாட்டுக்கும் நடக்கிறது. இந்தியா உலக வங்கிக்குக் 'கீழ்நடுத்தர வருவாய் நாடு'. பன்னாட்டுச் செலாவணி நிதியத்துக்கு, 'எழுச்சி பெறும் சந்தைகளும் வளரும் பொருளாதாரங்களும்' என்ற தொகுதியில் ஒன்று. உலக வர்த்தக அமைப்பில் 'வளரும் நாடு'. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2025 அறிக்கையில் 193 நாடுகளுள் 130ஆவது. 'நடுத்தர மனித வளர்ச்சி' வரிசை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மேடைப் பேச்சில் 'மூன்றாம் உலக நாடு'. இன்றைய தில்லியின் பேச்சில் 'உலகளாவிய தெற்கின் குரல்'. இத்தனையும் ஒரே நாட்டுக்குப் பொருந்துகின்றன. ஏனென்றால் இவற்றில் எதுவும் நாட்டின் இயல்பைச் சொல்ல உண்டானதில்லை. யாருக்குக் கடன், எந்த வட்டிக்கு, யாருக்கு வரிச்சலுகை, யாரைத் தன் அணியில் வைத்துக்கொள்வது என்று ஏதோ ஓர் அலுவலகம் முடிவெடுக்க வேண்டியிருந்தபோது ஒவ்வொரு பெயரும் பிறந்தது. அந்தப் பிறப்பைத் தேடிப் போவதே இக்கட்டுரையின் வேலை.

காலனியக் கணக்கும் எதிர்க்கணக்கும்

1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி முடியரசுக்கு மாறிய பின், இந்தியா ஒழுக்கத்திலும் பொருளிலும் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று ஆண்டுதோறும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போகத் தொடங்கியது. ஆளப்படும் நாட்டை ஆள்பவர் அளப்பதும், அந்த அளவையே ஆட்சிக்குச் சான்றாகக் காட்டுவதும் அங்கேயே வந்துவிட்டன. அதே அளவுகோலைப் பிடுங்கித் திருப்பி அடித்தவர் தாதாபாய் நௌரோஜி. 1870களில் அவர் போட்ட கணக்கில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய். செல்வம் எவ்வாறு வெளியே வடிகிறது என்று காட்ட அவர் எடுத்த ஆயுதம் அது. நாடுகளை இன்று தரம் பிரிக்கும் தலா வருமானக் கணக்கு இந்தியாவில் ஆட்சியாளர் மீதான குற்றப்பத்திரிகையாகவே அறிமுகமானது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், தோற்ற நாடுகளின் காலனிகளைப் பங்கிட வேண்டிவந்தது. நாடுகளின் சங்கத்தின் ஒப்பந்தத்தில் 22ஆவது பிரிவு, அங்குள்ள மக்களின் வளர்ச்சிப் படியைப் பொறுத்து நிர்வாகம் வேறுபடும் என்றது. ஈராக், சிரியா, பாலஸ்தீனம் முதல் வகுப்பு. நடு ஆப்பிரிக்கப் பகுதிகள் இரண்டாவது. தென்மேற்கு ஆப்பிரிக்காவும் பசிபிக் தீவுகளும் மூன்றாவது. எந்த வகுப்பு என்பதைப் பொறுத்துச் சுதந்திரம் கிட்டவோ எட்டவோ நின்றது. வகுப்புப் பிரித்தவர்களே அந்நிலங்களை எடுத்துக்கொண்டவர்கள்.

'குறைவளர்ச்சிப் பகுதிகள்' என்ற சொல்லை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் பணியாற்றிய வில்ஃப்ரெட் பென்சன் 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில் காண்கிறோம். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் ஆற்றிய பதவியேற்பு உரை. அந்த உரையின் வெளிநாட்டுக் கொள்கையில் நான்கு அம்சங்கள். முதல் மூன்றும் எதிர்பார்த்தவை: ஐ.நா.வுக்கு ஆதரவு, ஐரோப்பாவின் மறுசீரமைப்பு, ராணுவக் கூட்டணி. நான்காவதாக, குறைவளர்ச்சிப் பகுதிகளுக்கு அமெரிக்காவின் தொழில்நுட்ப அறிவைக் கொடுக்கும் திட்டம். வெளியுறவுத் துறையில் இருந்த பெஞ்சமின் ஹார்டி என்ற அலுவலரின் யோசனை அது. துறை மேலிடம் கண்டுகொள்ளாததால் அவர் நேரே வெள்ளை மாளிகைக்குக் கொண்டுசென்றார். மறுநாள் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது அந்த நான்காவது அம்சத்தைத்தான். மெக்சிகோ சிந்தனையாளர் குஸ்தாவோ எஸ்தேவா பிற்காலத்தில் இதைக் கடுமையாக விமர்சித்தார்: பலவகைப்பட்ட இருநூறு கோடி மக்கள் அன்று ஒரே நாளில் 'குறைவளர்ச்சி' உடையவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

அந்த நான்காவது அம்சத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நேர்த்தொடர்பு உண்டு. அதன்வழி 1952 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டாரம் என்ற நிர்வாக அலகும், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவியும் அதிலிருந்து வந்தவை. கிராமத்தில் தொகுப்பு வீட்டுக்கும் சாலைக்கும் மனு எழுதிக்கொண்டு நாம் போய் நிற்கும் பி.டி.ஓ. ஆபீஸின் வேர், பனிப்போர் தொடங்கிய காலத்து வாஷிங்டன் வரை ஓடுகிறது.

'குறைவளர்ச்சி' என்றால் என்ன என்று 1951இல் ஐ.நா. நியமித்த ஐவர் குழு ஒன்று விளக்கியது. பொருளியலாளர்கள் ஆர்தர் லூயிஸ், தியோடர் ஷுல்ட்ஸ் ஆகியோருடன் புணேவின் டி.ஆர். காட்கிலும் அதில் இருந்தார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, மேற்கு ஐரோப்பா ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தலா உண்மை வருமானம் குறைவாக உள்ள நாடுகளே இவை என்றது குழு. 'ஏழை நாடுகள்' என்றாலும் பொருள் அதுவே என்றும் ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை நீடிக்கவில்லை. ஏழை என்று சொல்வது மரியாதைக் குறைவாகப்பட, 1960களில் 'வளரும் நாடுகள்' என்ற சொல் மேலேறியது. 1960இல் வெளிவந்த அமெரிக்கப் பொருளியலாளர் வால்ட் ராஸ்டோவின் நூல் எல்லா நாடுகளும் ஐந்து படிகளில் ஏறியே ஆக வேண்டும் என்று வரைந்து காட்ட, அந்தச் சொல்லுக்குக் கோட்பாட்டுத் துணையும் கிடைத்தது. வருமானம் சுருங்கிக்கொண்டிருக்கும் நாட்டையும் 'வளரும் நாடு' என்றே அழைக்கும் விந்தை அன்று தொடங்கியது.

மூன்றாம் உலகம் ஒரு தரவரிசை அல்ல

'மூன்றாம் உலகம்' என்றால் மூன்றாந்தரம் என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்லை உண்டாக்கிய பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் ஆல்ஃப்ரெட் சோவியின் எண்ணம் வேறு. 1952 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸின் 'லொப்செர்வாத்தர்' இதழில் எழுதிய கட்டுரையில், முதலாளிய உலகமும் பொதுவுடைமை உலகமும் மோதிக்கொண்டிருக்கையில், யாரும் கண்டுகொள்ளாத மூன்றாவது உலகம் ஒன்று இருக்கிறது என்றார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய சமூகத்தில் மதகுருமாரும் பிரபுக்களும் போக மிஞ்சிய பொதுமக்கள் 'மூன்றாம் வகுப்பு' எனப்பட்டார்கள். 1789இல் நாட்டைப் புரட்டிப் போட்டது அந்த வகுப்பு. சோவியின் சொல்லுக்குள் எச்சரிக்கை ஒன்று இருந்தது: புறக்கணிக்கப்பட்டவர்கள் ஒருநாள் தங்களுக்கு உரியதைக் கேட்பார்கள்.

1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1961இல் பெல்கிரேடில் அணிசேரா இயக்கம் பிறந்தது. அந்த ஆண்டுகளில் 'மூன்றாம் உலகம்' என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. அது ஓர் அரசியல் நிலைப்பாடு. சீனா அதைத் தன் போக்கில் மாற்றிக்கொண்டது. 1974இல் ஐ.நா.வில் பேசிய டெங் சியாவோபிங், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முதல் உலகம், ஐரோப்பாவும் ஜப்பானும் போன்றவை இரண்டாவது, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் மூன்றாவது என்று பிரித்தார். சோவியத்தை எதிரியாக்க வேண்டியிருந்தது. கோடு அதற்கேற்ப நகர்ந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது இரண்டாம் உலகம் மறைந்தது. கணக்கில் இரண்டு இல்லாமலே மூன்று மட்டும் நின்றது; அதன் அரசியல் உதிர்ந்து, ஏழ்மையைக் குறிக்கும் வசைச்சொல்லாகச் சுருங்கியது.

சலுகைக்கான பெயர்கள்

1964இல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு கூடியது. அர்ஜென்டினாவின் ரவுல் பிரேபிஷ் அதன் முதல் தலைமைச் செயலர். உலகப் பொருளாதாரத்துக்கு மையம் ஒன்று, விளிம்பு ஒன்று. விளிம்பில் உள்ளவர்கள் மூலப்பொருளை விற்று ஆலைப்பொருளை வாங்கும்வரை வணிகமே அவர்களைக் கீழே இழுக்கும் என்பது அவர் கோட்பாடு. அந்த மாநாட்டில் ஜூன் 15 அன்று 77 நாடுகள் ஓரணியாக அறிக்கை வெளியிட்டன. இன்று 134 நாடுகள் இருந்தாலும் பெயர் 'ஜி-77' என்றே நிற்கிறது.

ஏழை நாடுகளுக்குள்ளும் மிக ஏழைகளைப் பிரித்தெடுக்க, 1971இல் ஐ.நா. பொதுச்சபை 25 நாடுகளை 'மிகக் குறைந்த வளர்ச்சியுடைய நாடுகள்' என்று பட்டியலிட்டது. வருமானம், மக்களின் உடல்நலமும் கல்வியும், பொருளாதார மற்றும் சுற்றுச்சூழல் அதிர்ச்சிகளைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றையும் வைத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை பட்டியல் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. 1991இலிருந்து ஏழரைக் கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நாட்டைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பது விதி. 1975இலேயே சேர்ந்துவிட்டதால் வங்கதேசம் உள்ளே இருந்தது. பட்டியலில் இருக்கும்வரை அதன் மருந்து ஆலைகளுக்குக் காப்புரிமை விதிகளிலிருந்து விலக்கு உண்டு; ஆடைகள் ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றிப் போகும். 2026இல் பட்டியலை விட்டு வெளியேறுவது என்று முடிவானதும் அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் மகிழ்ச்சியைவிடக் கவலையே அதிகம் பட்டதற்குக் காரணம் இதுதான். பூட்டான் 2023 டிசம்பரில் வெளியேறிவிட்டது.

பெயருக்கும் பணத்துக்கும் உள்ள இணைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது உலக வங்கி. மலிவு வட்டிக்குக் கடன் கொடுக்க ஐ.நா. தனி அமைப்பு ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று 1949இல் வாதாடியவர்களில் முதன்மையானவர் வி.கே.ஆர்.வி. ராவ். காஞ்சிபுரத்தில் 1908இல் பிறந்தவர், ஐ.நா.வின் பொருளாதார வளர்ச்சித் துணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவர். பணக்கார நாடுகள் அந்த அமைப்பை ஐ.நா.வின் கையில் கொடுக்க விரும்பவில்லை. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1960இல், தங்கள் வாக்கு வலுவாக உள்ள உலக வங்கியின் கீழ் 'பன்னாட்டு வளர்ச்சிக் கழகம்' என்று அமைத்தன. அதில் பல்லாண்டுகள் அதிகக் கடன் பெற்ற நாடு இந்தியா. 2014இல்தான் அந்தத் தகுதியிலிருந்து வெளியேறியது.

1978இல் வங்கி தன் முதல் உலக வளர்ச்சி அறிக்கையில் நாடுகளை வருமானப்படி பிரித்தது. 1989இல் இன்றைய நான்கு வகுப்பு முறை வந்தது: தாழ்வருவாய், கீழ்நடுத்தரம், மேல்நடுத்தரம், உயர்வருவாய். உயர்வருவாய்க்கான கோடு 1987 விலையில் 6,000 டாலர். ஆறாயிரத்துக்குக் கீழே இருந்தால் ஏழ்மை, மேலே போனால் செழிப்பு என்று எந்த விதியும் கிடையாது. அன்று 'தொழில்மயமான நாடுகள்' என்று ஏற்கெனவே அழைக்கப்பட்டவை உள்ளே வரும்படி போட்ட கோடு அது. ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று பணவீக்கத்துக்கேற்பக் கோடு திருத்தப்படுகிறது. மூன்றாண்டு மாற்று விகிதத்தின் சராசரியைக் கொண்டு ஒவ்வொரு நாட்டின் தலா வருமானமும் டாலராக்கப்படுகிறது. 2025 ஜூலைக் கணக்கில் கோடுகள் 1,135, 4,495, 13,935 டாலரில் நிற்கின்றன. இந்தியா 2007ஆம் ஆண்டின் வருமானத்தைக் கொண்டு முதல் கோட்டைத் தாண்டியது.

இலங்கை ஏறி இறங்கிய கதை

கோட்டின் கூர்மையை இலங்கையைப் போல உணர்ந்த நாடு அரிது. 2018இல் அதன் தலா வருமானம் 4,060 டாலர். மேல்நடுத்தர வகுப்பு 3,996இல் தொடங்கியது. 2019 ஜூலையில் இலங்கை மேலேறியது. அடுத்த ஆண்டு வருமானம் 4,020 ஆனது. கோடோ 4,046க்கு நகர்ந்தது. 26 டாலர் குறைவு. 2020 ஜூலையில் மீண்டும் கீழ்நடுத்தரம். இந்த ஏற்றமும் இறக்கமும் ஹட்டன் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் கூலியையோ முல்லைத்தீவு மீனவரின் வலையையோ தொடவில்லை.

தொட்ட இடம் வேறு. 1990களின் இறுதியில் கீழ்நடுத்தர வருவாய் நாடாக ஆன பின்னர், மலிவு வட்டிக் கடனுக்கான வழி இலங்கைக்குக் குறுகிக்கொண்டே வந்தது. 2007இல் 50 கோடி டாலருக்கு முதல் பன்னாட்டு இறைமைப் பத்திரத்தை வெளியிட்டுச் சந்தையில் கடன் வாங்கத் தொடங்கியது. வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அத்தகைய கடன் குவிந்தது. வரிக்குறைப்பு, கொரோனா, அந்நியச் செலாவணி வறட்சி எல்லாம் சேர 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அந்த அக்டோபரில் கொழும்பின் அமைச்சரவை எடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும்: சலுகைக் கடன் பெறுவதற்காகத் தாழ்ந்த தகுதியில் தன்னைச் சேர்க்குமாறு உலக வங்கியைக் கேட்பது. டிசம்பரில் வங்கி இசைந்து பன்னாட்டு வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் திறந்தது. உயர்ந்த பெயர் கடனின் விலையை உயர்த்தியது. தாழ்ந்த பெயர் உயிர் தந்தது. அதே இலங்கை மனித வளர்ச்சிக் குறியீட்டில் 89ஆவது இடத்தில், 'உயர் மனித வளர்ச்சி' நாடாக நிற்கிறது. கல்வியையும் ஆயுளையும் சேர்த்து அளக்கும் கோடு டாலர் கோட்டோடு ஒத்துப்போவதில்லை.

சந்தைக்கான பெயர், தானே சூடிக்கொண்ட பெயர்

1981இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அந்துவான் வான் ஆக்ட்மேல், ஏழை நாடுகளின் பங்குகளில் முதலிட ஒரு நிதியம் தொடங்க நினைத்து நியூயார்க்கில் முதலீட்டாளர்களைக் கூட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மூன்றாம் உலகப் பங்கு நிதியம்'. யோசனை நன்று, இந்தப் பெயரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்றார் கேட்டவர்களில் ஒருவர். அந்த வார இறுதியில் வான் ஆக்ட்மேல் யோசித்துக் கண்டதே 'எழுச்சி பெறும் சந்தைகள்'. நாடுகள் அப்படியே இருந்தன. விற்பனைச் சீட்டு மாறியது. 2001இல் கோல்ட்மேன் சாக்ஸின் ஜிம் ஓ'நீல் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனாவைச் சேர்த்து 'பிரிக்' என்றார். முதலீட்டாளருக்கான அந்தச் சுருக்கம் பின்னர் அரசுத் தலைவர்கள் கூடும் அமைப்பாகவே ஆனது.

உலக வர்த்தக அமைப்பில் கதையே வேறு. அங்கே 'வளரும் நாடு' என்பதற்கு வரையறை இல்லை. தன்னை அப்படி அறிவித்துக்கொள்ளும் நாடு வளரும் நாடு. இது உழவர் வீட்டுக் கணக்கு வரை வருகிறது. வளர்ந்த நாடு ஒரு பயிருக்குக் கொடுக்கும் வர்த்தகத்தைத் திரிக்கும் மானியம் பொதுவாக அதன் உற்பத்தி மதிப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வளரும் நாட்டுக்கு 10 விழுக்காடு. அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல் வாங்குவதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 2018–19இல் நெல்லுக்கு இந்தியா அந்தப் பத்தையும் தாண்டியது. 2013 பாலி மாநாட்டில் வளரும் நாடுகளுக்குக் கிடைத்த 'சமாதானப் பிரிவு' கேடயமாக நின்றதால் வழக்கிலிருந்து தப்பியது. ஆரணிப் பக்கத்து உழவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும்போது, அந்த விலைக்குப் பின்னால் ஜெனீவாவில் நாம் சூடிக்கொண்ட இரண்டு சொல் நிற்கிறது.

ஆகவேதான் அமெரிக்கா அந்தச் சொல்லையே குறிவைத்தது. 2019 ஜூனில் இந்தியாவுக்கான தீர்வைச் சலுகையை நிறுத்தியது. அடுத்த மாதம், பெரிய பொருளாதாரங்கள் வளரும் நாடு என்று சொல்லிக்கொள்வதை எதிர்த்து அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். தென்கொரியா அக்டோபரில், எதிர்காலப் பேச்சுகளில் சலுகை கேட்கமாட்டோம் என்றது. 1964இல் ஜி-77ஐத் தொடங்கிய நாடுகளில் ஒன்றான அதை 2021இல் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு வளர்ந்த நாடுகள் பட்டியலுக்கு மாற்றியது. சீனாவும் 2025 செப்டம்பரில் புதிய சலுகைகளைக் கேட்பதில்லை என்று அறிவித்தது. வளரும் நாடு என்ற பெயரை மட்டும் விடவில்லை.

நம் மாவட்டத்துக்கு ஒட்டிய சீட்டு

உலகில் நாடுகளுக்கு நடந்ததையே இந்தியா தன் மாவட்டங்களுக்கும் செய்தது. 2003இல் திட்டக்குழுவின் பணிக்குழு ஒன்று 447 மாவட்டங்களைப் பின்தங்கிய நிலைப்படி வரிசைப்படுத்தியது. பார்த்தவை மூன்றே: வேளாண் கூலி, வேளாண் தொழிலாளி ஒருவருக்கான உற்பத்தி மதிப்பு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் விகிதம். ஒரு மாவட்டத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதே அதன் பின்தங்கலுக்கு அளவாயிற்று. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதலில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. அதே ஆறும் 250 மாவட்டங்களுக்கான 'பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி'யிலும் இடம்பெற்றன.

2018 ஜனவரியில் நிதி ஆயோக் புதிய பட்டியலோடு வந்தது. 'பின்தங்கிய' என்ற சொல் போய், 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பெயர் வந்தது. உடல்நலமும் ஊட்டச்சத்தும் 30 விழுக்காடு, கல்வி 30, வேளாண்மையும் நீரும் 20, நிதிச்சேவையும் திறனும் 10, அடிப்படைக் கட்டமைப்பு 10 என்று 49 குறியீடுகள். தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் தேர்வாயின. பழைய ஆறில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறும் கரையேறிவிட்டன, புதிதாக இரண்டு மூழ்கின என்று யாரும் சொல்லமாட்டார்கள். அளவுகோல் மாறியது, பட்டியலும் மாறியது.

இதற்கிடையில் 2013இல் பொருளியலாளர் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு மாநிலங்களை மூன்றாகப் பிரித்தது. தமிழ்நாடு 'ஒப்பீட்டளவில் வளர்ந்த' ஏழு மாநிலங்களில் ஒன்று. ஆக, வளர்ந்த மாநிலத்துக்குள் பின்தங்கிய மாவட்டமாக இருந்தது திருவண்ணாமலை. வளர்ந்த என்ற பட்டத்துக்கு விலையும் உண்டு. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரியைப் பங்கிட்டபோது, ஒரு மாநிலம் பணக்கார மாநிலத்திலிருந்து வருமானத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு 45 விழுக்காடு எடை கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காட்டில் நின்றது.

இன்னும் கீழே இறங்கினால் சராசரி இன்னும் பொய் பேசும். பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் வலம் வரும் கிரிவலப் பாதையின் விடுதிகளும், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள பழங்குடிக் குடியிருப்புகளும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் கலந்துவிடுகின்றன. அந்தச் சராசரி இரண்டில் ஒன்றையும் காட்டுவதில்லை.

நெருங்கிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கும் இதே மண்ணில் சான்று இருக்கிறது. திருவண்ணாமலை 1989 செப்டம்பரில் தனி மாவட்டமாவதற்கு முன் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1973–74இல் கேம்பிரிட்ஜின் பி.எச். ஃபார்மர் தலைமையில் ஆய்வாளர்கள் வட ஆற்காட்டு நெல் கிராமங்களையும் இலங்கையின் தென்கிழக்குப் பகுதியையும் ஆராய்ந்தார்கள். 1977இல் வந்த அவர்களின் நூல் பசுமைப் புரட்சியின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டது. பத்தாண்டு கழித்து பீட்டர் ஹேசலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் வட ஆற்காட்டில் மீண்டும் ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட நூல், சிறு உழவரும் நிலமற்றோரும்கூட வருமானத்தில் கணிசமாக உயர்ந்ததைக் காட்டியது. இரண்டும் பயனுள்ளவை. வீடு வீடாகப் போய்க் கேட்டதால், இடைப்பட்ட காலத்தில் யாருக்கு என்ன மாறியது என்று அவை சொல்ல முடிந்தது. மாவட்டத்துக்கு ஒட்டும் எந்தச் சீட்டாலும் அது முடியாது.

பெயரே வேண்டாமா?

வகைப்படுத்தலே கூடாது என்பது இதன் முடிவு அல்ல. வரம்புள்ள பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்க எங்காவது கோடு போட்டே ஆக வேண்டும். பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டியல் இல்லாமல் போயிருந்தால் 2006இல் வேலை உறுதித் திட்டம் திருவண்ணாமலைக்கு முதல் கட்டத்திலேயே வந்திருக்காது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் 1990இல் அமர்த்தியா சென்னின் துணையோடு மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தது வருமானக் கோட்டின் தனியாட்சியை உடைக்கத்தான். உலக வங்கியே 2016இல், தன் புள்ளிவிவர வெளியீட்டில் 'வளர்ந்த', 'வளரும்' என்ற இரட்டைப் பிரிவைக் கைவிட்டது. மலேசியாவையும் மலாவியையும் ஒரே சொல்லில் அடக்குவதில் பொருள் இல்லை என்று கண்டது. கோடு கருவியாக இருக்கும்வரை கேடில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் தகுதிச் சான்றாக அது மாறும்போதுதான் கேடு.

இன்று அரசு 2047க்குள் இந்தியாவை வளர்ந்த நாடாக்குவதை இலக்காக அறிவித்திருக்கிறது. வளர்ந்த நாடு என்று சான்றிதழ் கொடுக்கும் பன்னாட்டு அமைப்பு எதுவும் இல்லை. உலக வங்கியின் உயர்வருவாய்க் கோடு 14,000 டாலரை ஒட்டி இருக்கிறது. நம் தலா வருமானம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வருமானத்தை மட்டும் கொண்டு அந்தக் கோட்டை எட்டினாலும், மலைக்கிராமத்துக் கர்ப்பிணி மருத்துவமனைக்குச் சேரும் நேரம் குறைந்திருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

எனவே வாசகர் செய்ய வேண்டியது எளிது. எந்தப் பட்டியலைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கோட்டைப் போட்டது யார், எதை அளந்தார்கள், எந்த ஆண்டின் கணக்கு, பெயர் மாறினால் யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போகும். அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் சராசரி சொன்னது போதும். ஒன்றிய வாரியாக, வார்டு வாரியாகக் கூலி, ஊட்டச்சத்து, பள்ளி இடைநிற்றல், குடிநீர் ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுங்கள். அந்தக் கணக்கு வரும்வரை 'வளர்ந்த', 'வளரும்', 'பின்தங்கிய' என்ற எந்தப் பெயரையும் நம்மைப் பற்றிய உண்மையாக ஏற்கத் தேவையில்லை.